உலக்கைக்கு அந்தப் பக்கம் செவலை

பதினாறு நாள் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். உங்களிடம் எத்தனை நாள் என்று சொன்னார்கள்? சிலருக்கு ஒன்பது, சிலருக்குப் பதினொன்று, வீட்டுக்கு வீடு வேறு. நம் வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் அந்த நாள் கணக்கை மட்டும் மறக்காமல் சொல்வார்கள். அத்தனை நாளும் என்ன செய்தாய் என்று கேட்டால், "இன்னா செய்வேன், உக்காந்துக்குனு இருந்தேன்" என்பார்கள். நானும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் உட்கார்ந்தபடியே ஒரு தெருநாய்க்குத் தபால் வேலை பழக்கினேன்.

போன வாரம் மருமகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் நாய்க்கு விளக்கு சுவிட்சை அணைக்கப் பழக்குகிறாள். கையில் சின்னதாக ஒரு பொருள், அமுக்கினால் 'டிக்' என்கிறது. டிக், உடனே ஒரு துண்டு கறி. டிக், இன்னொரு துண்டு. "இத நான் பதிமூணு வயசுலயே பண்ணியிருக்கேன்" என்றேன். "நீங்களா அத்தே?" என்று அவள் சிரித்த சிரிப்பில் குழம்பே கொதித்து வழிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாவதை முழுசாக முடிக்காதவள் எழுதுகிறாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி எழுதுவதற்குள் கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.

செஞ்சியில் எங்கள் வீடு கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பின்கட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்குகிற அறை. மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நாளில் திரும்பி வந்தேன். அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், பிறகு என்னை அந்த அறையில் உட்காரவைத்தாள். மறுநாள் அவலூர்பேட்டையிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், பச்சைத் தென்னை ஓலையைச் சைக்கிளில் இழுத்துக்கொண்டு வந்து வாசலுக்கு மறைப்புக் கட்டினார். அது தாய்மாமன் செய்ய வேண்டிய முறை. நிலைப்படியில் வேப்பிலை சொருகினார்கள். மூலையில் ஒரு கருக்கரிவாள். காத்து கறுப்பு அண்டாதாம். கடைசியாக அம்மா உலக்கையைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே தரையில் போட்டாள்.

"இத்தத் தாண்டக் கூடாது. வெளிய போவணும்னா என்னைக் கூப்புடு. நான் வந்து எடுக்கறேன்."

"எத்தினி நாள்மா?"

"பதினாறே நாள். கண்ண மூடித் தொறந்தா போய்டும். பதினாறாம் நாள் மஞ்சத் தண்ணி ஊத்திட்டா, பதினேழாம் நாள் நீ பாட்டுக்கு இஸ்கூலுக்குப் போ."

நான் எண்ணிப் பார்த்தேன். முழுப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும். எங்கள் கணக்கு சார் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவேன். ஒன்பதாவதுக்குப் போக வேண்டும், அதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே ஆசை. பெரிய ஆசை இல்லை. பக்கத்து வகுப்பறைக்குப் போகிற ஆசை.

பன்னிரண்டாம் நாள் வல்லத்தில் நைனாவின், அதாவது என் அப்பாவின், பங்காளி ஒருவர் செத்துப்போனார். நான் பார்த்தே இராத மனிதர். பங்காளி வீட்டுச் சாவென்றால் எங்களுக்கும் தீட்டு. மஞ்சள் தண்ணீர் ஊற்ற முடியாது. அந்தத் தீட்டுக் கழிவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. பங்குனியில் எங்கள் வகையறாவில் இந்தச் சடங்கு செய்வதில்லை. "சித்திரை பொறக்கட்டும், மொத முகூர்த்தத்துல வெச்சிப்போம்" என்று மாமா சொல்லிவிட்டார். தண்ணீர் ஊற்றாத பெண் வாசலைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். ஒருவருக்கும் என்மேல் கோபம் இல்லை, யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. உலக்கை மட்டும் அதே இடத்தில் கிடந்தது.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். கூரை வரை மூட்டை. மூட்டையிலிருந்து மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, தலையணை வரை வரும். நாலு கம்பி போட்ட ஒரே ஜன்னல். அதில் சந்து தெரியும். சந்துக்கு மேலே கோட்டை மலையின் ஒரு துண்டு தெரியும். கம்பிகள் மலையை ஐந்தாக வெட்டியிருந்தன. பகல் முழுக்க வாங்கிய சூட்டை அந்தப் பாறைகள் சாயங்காலம் திருப்பி விடும்; காற்று ஜன்னலில் நுழையும்போது இரும்புச் சட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடிப்பதை வைத்து மணி சொல்வேன். ஹாரன் தாமதமானால் பஸ் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று பயப்படுவேன். பயப்படுவதற்கு அங்கே எனக்கு நிறைய நேரம் இருந்தது.

சாப்பாடு உளுந்தங்களி. காலையில் ஒரு உருண்டை, சாயங்காலம் ஒரு உருண்டை. நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, பனைவெல்லம் வைத்துக் கொடுப்பார்கள். "தின்னுடீ, இடுப்பு கெட்டிப்படும்" என்று அம்மா உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டுவாள். பத்து நாளில் அதன் வாசனையே எனக்குக் குமட்டியது. ஜன்னல் வழியாக எறிந்தேன். அப்படித்தான் செவலை வந்தது.

செம்மண் நிறம். இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கும். முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. சந்தில் யாருக்கும் சொந்தமில்லாத பெட்டை நாய். முதல் நாள் களியைத் தின்றுவிட்டு அடுத்த உருண்டை எங்கிருந்து விழும் என்று வானத்தைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முன் எத்தனை நாள் சிரிக்காமல் இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் களியைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வைத்துக்கொண்டேன். அது என் முகத்தைப் பார்த்தால் ஒன்று போடுவேன், பார்க்காவிட்டால் இல்லை. அரை மணியில் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் பார்த்தால் மட்டும் போதாது, ஜன்னலுக்குக் கீழே வர வேண்டும் என்று மாற்றினேன். அப்புறம் முன்னங்காலைச் சுவரில் வைக்க வேண்டும். நான் போடுகிற நேரத்துக்குள் அது வேறு எதையாவது செய்துவிடும். எதற்காகக் கொடுத்தேன் என்று அதற்குக் குழப்பம். ஆகவே அது சரியாகச் செய்த அந்த நொடியிலேயே நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ட்க்' என்பேன். களி பின்னால் வரும். கொஞ்ச நாளில் 'ட்க்' கேட்டாலே அதற்கு வால் ஆடும், களி கைக்கு வருவதற்கு முன்பே. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு நாயின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பெரிய விஷயமாகிவிடும்.

என் பெஞ்சுத் தோழி ஒருநாள் சாயங்காலம் சந்தில் வந்து நின்றாள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் மகள். ஜன்னலுக்கு வரவில்லை, முருங்கை மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

"கிட்ட வாயேன்டி."

"எங்கம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க. உங்க வூட்ல ரெண்டு தீட்டாம். முருங்க மரத்தத் தாண்டக் கூடாதாம்."

"மரம் யாரு வெச்ச எல்லை?"

"எங்கம்மா வெச்ச எல்லை. ஏய், சார் புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சிட்டாரு. எக்ஸ், ஒய்யினு எழுதறாரு. எனக்கு ஒரு எழவும் புரியல. நோட்ட எப்டிக் குடுக்கறது உனக்கு?"

இருவருக்கும் நடுவில் செவலை உட்கார்ந்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிரவே என் பழைய நீல யூனிபார்ம் பாவாடையின் ஓரத்தைக் கிழித்து உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு பை தைத்தேன். முதலில் பையை முகர்ந்தாலே 'ட்க்'. பிறகு வாயில் வைத்தால். பிறகு நான் ஐந்து எண்ணும் வரை கீழே போடாமல் இருந்தால். இதற்கு மட்டும் ஆறு நாள் ஆயிற்று. மூன்று எண்ணுவதற்குள் போட்டுவிட்டு, களி எங்கே என்று கேட்கும். அவசரப்பட்டு ஒருநாள் மூன்றிலிருந்து பத்துக்குத் தாவினேன். செவலைக்கு வெறுத்துப்போய், பையைத் தொடவே மாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. மறுபடி முகர்வதிலிருந்து ஆரம்பித்தேன். எங்கே விட்டதோ அங்கே போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். திட்டிப் பிரயோஜனமில்லை.

தோழி முருங்கை மரத்தடியில் டீக்கடைப் பொறையை ஒடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பொறை. திருப்பி என்னிடம் கொண்டுவந்தால் களி. மரத்தடி சரியானதும் அவள் அடிபம்புக்குத் தள்ளிப் போனாள். அடிபம்பு சரியானதும் சந்து முனைக்கு. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவள் போன அன்று செவலை முனை வரை ஓடி, திரும்பி என்னைப் பார்த்தது. நான் 'ட்க்' சொல்லவில்லை. பிறகு அதுவே திரும்பி, முனையைத் தாண்டிப் போனது. நான் போக முடியாத இடத்துக்கு என் பை போனது.

பங்குனி நடுவில் செவலை பஜாருக்குப் பின்னால் இருந்த தோழி வீட்டுக் கொல்லைக் கதவு வரை போய் வந்தது. ஒருநாள் கோட்டைக் குரங்கு ஒன்று சுவரிலிருந்து குதித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய், கூரைமேல் உட்கார்ந்து என் கணக்கை எல்லாம் கிழித்துத் தின்று பார்த்தது. ருசிக்கவில்லை போலிருக்கிறது, பையை எறிந்துவிட்டது. செவலை அதைக் கவ்விக்கொண்டு வந்து, ஒன்றுமில்லாத பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் களிக்காக நின்றது. இரண்டு உருண்டை கொடுத்தேன்.

நான் போட்ட கணக்கைத் தோழி சாரிடம் காட்டுவாள். சிவப்பு மையில் 'சரி' போட்டு வரும். ஒருநாள் துண்டுச் சீட்டில் அவள் எழுதியிருந்தாள்: 'பரீட்சைக்கு மட்டும் வந்து உட்காந்தா போதும், பாஸ் போட்டு ஒம்பதாவது ஏத்திடுவாராம் சார்.' அந்தச் சீட்டை ஒரு மூட்டைக்கு அடியில் வைத்தேன். தினமும் தூக்கிப் பார்ப்பேன், இருக்கிறதா என்று.

அப்புறம்தான் எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டாள்.

அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பாவாடைத் துணியை ஒரு நாய் வாயில் கவ்விக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல், நேராகப் போவதைப் பார்த்திருக்கிறாள். நின்று மோப்பம் பிடிக்கவில்லை, மற்ற நாய் குரைத்தும் திரும்பவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"எக்கா, உன் பொண்ணு துணிய நாய் தூக்கினு போவுது! யாரோ ஏவி உட்டிருக்காங்க. நாயி நாயி மாதிரியே நடக்கலக்கா, ஆளு மாதிரி நடக்குது!"

அந்த நாட்களில் இருக்கிற பெண்ணின் துணியில் ஒரு நூல்கூட வெளியே போகக் கூடாது என்பார்கள். செய்வினை வைப்பவன் கையில் கிடைத்தால் போயிற்று. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அம்மா முகம் வெளுத்துவிட்டது. உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் நடுங்கியது எனக்காக. அதை இப்போது சொல்லிவிட வேண்டும், அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார், கூடவே அம்மன் கோயில் பூசாரியும். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் ஓலை மறைப்புக்கு இந்தப் பக்கம்.

"ஏவலும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் பழக்கினேன்" என்றேன். "உள்ள கணக்கு நோட்டுதான் இருக்குது."

"கேட்டியா மாப்ள?" என்றார் மாமா நைனாவிடம். "நாய் கணக்கு நோட்டு தூக்கினு போவுதாம். அப்டியே நாயையும் எட்டாவதுல சேத்துடு."

"பொய்யில்ல மாமா. களி போட்டுப் போட்டுப் பழக்கினேன்."

"களியா?" அம்மா குரல் உயர்ந்தது. "அடிப்பாவி! அதான் நாய் பளபளன்னு இருக்குது, நீ குச்சி மாதிரி இருக்க. நல்லெண்ண, பனவெல்லம் எல்லாம் நாய் வவுத்துக்கா?"

பூசாரி சிரித்துவிட்டார். வயதானவர், பொடி போடுகிறவர். "பேய் புடிச்ச நாய் களி தின்னாதும்மா. பொண்ணு சொல்றது நெஜமானு பாத்துடலாம், இரு."

நைனா கட்டிலை விட்டுச் சட்டென்று எழுந்தார். "சரி. இப்ப எல்லாரும் பாத்துக்குனு இருக்கறப்பவே அந்த நாய் பையை எட்துக்குனு போய், குடுத்துட்டுத் திரும்பி வரணும். வந்துச்சின்னா இவளப் பரீட்சைக்கு நானே கூட்டினு போறேன். வரலன்னா பூசாரி சொல்ற பரிகாரம் எல்லாத்தயும் இவ வாயத் தொறக்காம செய்யணும். இன்னா சொல்ற?"

"சரி நைனா" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். வழக்கமான நேரம் இல்லை. தோழி கொல்லையில் இருப்பாளா தெரியாது. சந்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். செவலைக்குக் கூட்டம் என்றாலே கல்லடிதான் நினைவு. வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றது. கூப்பிட்டேன். வரவில்லை. யாரோ சிரித்தார்கள்.

பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்தது: ட்க். களி ஜன்னலுக்குக் கீழே விழுந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்து வந்து தின்றது. பையைக் காட்டினேன், முகர்ந்தது: ட்க். வாயில் வாங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பிறகு அது திரும்பியது. கூட்டம் தானாக வழிவிட்டது. எந்தப் பக்கமும் பார்க்காமல், நேராக, வெள்ளைக் காலை முன்னால் வைத்து நடந்தது. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அம்மா வேப்பிலையை உருவி உருவிக் கீழே போட்டாள்.

செவலை திரும்பி வந்தது. பை வாயில் இருந்தது. பின்னால் மாமா வேர்த்து வழிய வந்தார். பூசாரி பையைத் திறந்து சீட்டை எடுத்துப் படித்தார்: "இன்னிக்கு ஏன்டி ரெண்டாந்தரம் அனுப்பின? ஏழாவது கணக்கு வரலயா?"

நைனா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "எம் பொண்ணுடா! பாத்தியா மச்சான்? நாய்க்கு உத்தியோகமே போட்டுக் குடுத்துட்டா!" சந்தே சிரித்தது. செவலைக்கு யாரோ ஒரு முழுப் பொறை வாங்கிப் போட்டார்கள். பூசாரி கையை உதறிக்கொண்டு, "நமக்கு இங்க வேல இல்ல" என்று கிளம்பினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமா சிரிக்கவில்லை. கூட்டம் கலைகிற வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நைனாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"சிரிக்காத மாப்ள. செய்வினையா இருந்திருந்தா எடுத்துடலாம். இது அவ மூளை. நாலு செவுத்துக்குள்ள உக்காந்துக்குனு ஒரு தெருநாய இந்த ஆட்டு ஆட்டறா. வெளிய உட்டா கட்டிக்கப் போறவன எந்த ஆட்டு ஆட்டுவா? எம் புள்ள ஏழாவதோட நின்னவன். ஒம்பதாவது படிச்சவ அவன மதிப்பாளா?"

மாமா மகனுக்கு நான் என்பது நான் பிறந்தபோதே பேசியது. யாருக்கும் அதில் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. நைனாவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எடுக்க மறந்த மாதிரி.

"குடுத்த வாக்கு இருக்குதே மச்சான்" என்றார்.

"வாக்க யாரு மாத்தச் சொன்னது? மெதுவா செய்யி" என்றார் மாமா.

மெதுவாகத்தான் செய்தார்கள். சித்திரை பிறந்தது. முதல் பரீட்சை தமிழ். அதற்கு முந்தின சாயங்காலம் நைனா பஜாரிலிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்தார். "தமிழு உனக்குத் தெரியாததா? வெயில் வேற. நாளைக்கு ஒரு பரீட்சை மட்டும் வேணாம். கணக்குக்குப் போலாம், அதான உனக்கு முக்கியம்?" வளையல் நன்றாக இருந்தது. தலையாட்டினேன். "நல்ல பொண்ணு" என்றார். அடுத்தது இங்கிலீஷ். அதற்குப் பாவாடை தாவணி வந்தது, அரக்கு நிறத்தில். "உங்க மாமா வர்றாரு, இன்னிக்குப் போயி அவரு எதுக்க மூஞ்ச காட்டாத. கணக்குக்கு நான் கூட்டினு போறேன்." அதற்கும் தலையாட்டினேன். "நல்ல பொண்ணு." சண்டை போட்டிருந்தால் போட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகச் சண்டை போடத் தோன்றவில்லை.

கணக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமை. காலையிலேயே நைனா வல்லத்துக்குப் போய்விட்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. அம்மா, "வந்துடுவாரு" என்றாள். நான் தலை வாரி, நீலப் பாவாடையை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரம் கிழிந்த பாவாடை. பத்து மணிக்குப் பெல்.

ஒன்பதரை இருக்கும். அடுத்த வாரம் என் சடங்கு. மஞ்சள் இடிக்க வேண்டும். எதிர்வீட்டு அத்தை, "உரல் என் வூட்ல இருக்குது, உலக்க எட்துனு வா" என்று கூப்பிட்டாள். அம்மா ஓலையை விலக்கி, குனிந்து, உலக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் உலக்கை கிடந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது, இரண்டு மாதத் தூசியில்.

அப்போது செவலை வந்தது. ஜன்னலுக்கு வரவில்லை. ஓலை விலகி இருந்ததால் கொல்லைப் பக்கமாகச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. முதல்முறையாக நடுவில் கம்பி இல்லாமல் அதைப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்ன நாய். பையில் தோழியின் சீட்டு: 'சீக்கிரம் வாடி. சார் உன் நம்பரைக் கூட பெஞ்சுல ஒட்டியிருக்கார்.'

வீட்டில் யாரும் இல்லை. எதிர்வீட்டிலிருந்து உலக்கை விழுகிற சத்தம், தொம், தொம். பள்ளிக்கூடம் நடந்தால் பத்து நிமிஷம், ஓடினால் ஐந்து. எழுந்து வாசலுக்குப் போனேன். செவலை எனக்கு முன்னால் அந்தத் தூசிக் கோட்டைத் தாண்டி வெளியே போய், நாலடி நடந்து, திரும்பி என்னைப் பார்த்தது. நான் வரவில்லை என்றதும் திரும்ப வந்தது. மறுபடி தாண்டிப் போய்ப் பார்த்தது. முருங்கை மரம் வரை, அடிபம்பு வரை என்று நான் அதைக் கூட்டிப் போனேனே, அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக.

காலைத் தூக்கினேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் என் கால் உலக்கை உயரத்துக்குத் தூக்கி, அந்தரத்திலேயே நின்றது. அம்மா பார்த்தால்? வழியில் மாமா வந்தால்? தண்ணீர் ஊற்றாதவள் வந்தாள் என்று பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டால்? நைனா இப்போது வந்துகொண்டிருந்து, நான் இல்லாமல் ஏமாந்தால்? ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தது. இன்று வரைக்கும் கேஸைப் போய்ப் பார்க்கும்போது எனக்கு வருவது அன்றைக்கு வந்த அதே கேள்விகளின் தங்கச்சிகள்தான். காலைத் திரும்ப உள்ளேயே வைத்தேன்.

பெல் அடித்தது. எங்கள் பள்ளிக்கூட மணி தண்டவாளத் துண்டு. மலையில் பட்டு இரண்டு முறை கேட்கும்.

பிறகு எல்லாம் நடந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மூன்று வருஷத்தில் அவலூர்பேட்டைக்கு மருமகளாக வந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒருநாளும் கை நீட்டியதில்லை. நான் அவரை எந்த ஆட்டும் ஆட்டவில்லை. நைனா சாகும்வரை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. அந்த நீலப் பை கரித்துணியாகி, அம்மா குழம்புச் சட்டி இறக்கி இறக்கி, எப்போதோ காணாமல் போயிற்று. யாராவது என்னைத் தடுத்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அன்றைக்கு வாசலில் யாரும் இல்லை.

பதினொரு மணிக்கு அம்மா திரும்பி வந்தாள். கையெல்லாம் மஞ்சள். வாசலைப் பார்த்தாள், கையிலிருந்த உலக்கையைப் பார்த்தாள், அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மூட்டைமேல் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பெரிதாக மூச்சு விட்டாள். உலக்கையை அதே கோட்டின்மேல் வைத்தாள்.

"எங்க போய்ட்டியோன்னு ஒரு நிமிசம் எனக்கு உயிரே இல்ல. நல்ல பொண்ணு."

அடுக்களைக்குப் போய்க் களி கொண்டுவந்தாள். அன்றைக்கு வெல்லம் அதிகம் வைத்திருந்தாள். செவலை ஜன்னலுக்குப் போய், காலைச் சுவரில் வைத்து, கம்பிக்கு வெளியே காத்திருந்தது. முகத்தைப் பார்த்தது, பையைக் கொண்டுவந்து சேர்த்தது, எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தது. 'ட்க்' சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாய் நிறைய களி. ஒரு உருண்டை முழுவதையும் அன்றைக்கு நானே தின்றேன்.